தாய்மாமன் உட்காரும் இடம்

கோத்தோ லாவே
4 ஆகஸ்ட் 1994

மஸ்ருல் அண்ணாவுக்கு,

நலமா? ஃபரிதா அண்ணிக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறதா?

நெல்விக்கு மாப்பிள்ளை கேட்டுப் போனோம். ஒப்புக்கொண்டார்கள். பையன் பெயர் ஹென்ட்ரிசால். பாயகும்புச் சந்தைக்குப் பின்னால் ரேடியோ, டிவி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறான். குறைவாகப் பேசுகிறான். நெல்வி அவனுக்கும் சேர்த்துப் பேசுவாள். அக்டோபர் 23, ஞாயிற்றுக்கிழமை, மாப்பிள்ளையை நம் வீட்டுக்கு அழைத்து வருகிறோம்.

நாங்கள் கொண்டுபோன வெற்றிலையைக் கையில் வாங்கும்போதே பையனின் அம்மா கேட்டார்: "எல்லாம் சரி, பொண்ணோட தாய்மாமன் எங்க? உங்க கூடப் பொறந்தவர் ஒருத்தர் இருக்கார்னாங்களே. செத்துகித்துப் போயிட்டாரா?"

"ஐயோ, இல்லீங்க. பெக்கான்பாருல காலேஜ் வாத்தியாரா இருக்கார்."

"பெக்கான்பாரு என்ன மக்காவுலயா இருக்கு? காலைல பஸ் ஏறுனா மத்தியானம் சாப்பிட வந்துரலாமே."

நான் சிரித்து மழுப்பினேன். அண்ணா, மாப்பிள்ளை வீட்டார் வாசலில் நின்று பேசும்போது பெண்ணின் தாய்மாமன்தான் உள்ளிருந்து பதில் சொல்ல வேண்டும். உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அம்மாவுக்கு நாம் இருவர்தான். நெல்விக்கு வேறு மாமன் இல்லை.

முறைப்படி ஆள் அனுப்பி அழைக்க வேண்டும். போன தடவை வேறொரு விசேஷத்துக்கு அனுப்பிய ஆளை நீங்கள் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டீர்கள். அதனால் ஒரு வெற்றிலையை இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். வந்து சேர்வதற்குள் காய்ந்துவிடும். காய்ந்தாலும் வெற்றிலைதான்.

உங்கள் தங்கை,
அஸ்னிமார்


பெக்கான்பாரு
15 ஆகஸ்ட் 1994

அஸ்னிமார்,

உன் கடிதம் வந்தது. உறையைத் திறந்ததும் ஒரு சருகு உதிர்ந்தது. ஊரில் உள்ள சூதாடிக்குக்கூட ஆள் போய் வெற்றிலை நீட்டித்தான் அழைப்பார்கள். கூடப்பிறந்தவனுக்குத் தபால். சரி.

முதலில் ஒரு சந்தேகம். உன் கடிதத்தில் ஒரு பிழைகூட இல்லை. "காய்ந்தாலும் வெற்றிலைதான்" என்று எழுதுகிறவள் நீ அல்ல. பள்ளிக்கூடக் கட்டுரைகளை என்னிடம் கொடுத்து எழுதி வாங்கியவள் நீ. யார் சொல்லச் சொல்ல இதை எழுதினாய்? நம் குடும்பத்தில் இப்படி இனிக்கப் பேசக் கூடியவன் ஒருவன்தான். பெரியம்மா மகன் ஜஸ்ரில். தப்பு, தப்பு. டத்துக் பட்டம் பெற்ற மாண்புமிகு குலத்தலைவர் ஜஸ்ரில்.

நான் வந்தால் அவனுக்கு என்ன லாபம் என்று இரண்டு நாட்கள் யோசித்தேன். கண்டுபிடித்துவிட்டேன். தலைமைப் பாயில் அவன் இருப்பான். ஒரு முழம் தள்ளி நான் இருக்க வேண்டும். ஊர் அதைப் பார்க்க வேண்டும்.

1983இல் நடந்ததை நீ மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. பட்டம் யாருக்கு என்று பேச்சு நடந்த அந்த வாரம், மாட்டுச் சந்தையில் ஜஸ்ரிலும் குலத்தின் மூத்த கிழவர் முக்தாரும் கை கோத்து நின்றதை என் கண்ணால் பார்த்தேன். இரண்டு கைகளையும் ஒரு கைலி மூடியிருந்தது. விரலைப் பிடித்து, வாய் திறக்காமல், பக்கத்தில் நிற்பவனுக்கும் தெரியாமல் விலை பேசுவது மாட்டுக்காரர்களின் வழக்கம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர்கள் பக்கத்தில் மாடே இல்லை. மாடு இல்லாமல் எதை விலை பேசினார்கள்? மூன்றாம் நாள் கூட்டத்தில் முக்தார் எழுந்து, பட்டம் ஜஸ்ரிலுக்கு என்றார்.

குலத்திலேயே அதிகம் படித்தவன் நான். முறையெல்லாம் மனப்பாடமாகத் தெரிந்தவன். அவன் மாட்டின் வாயைப் பிளந்து பல் பார்க்கத் தெரிந்தவன். வீட்டுப் பெண்கள் பக்கத்திலிருந்து எனக்குத் தடை வந்திருக்க வழியில்லை. நீதானே அங்கே இருந்தாய். ஆக, கைலிக்கடியில்தான் எல்லாம் முடிந்திருக்கிறது.

நீ எனக்கு ஒரே ஒரு வரி எழுது. ஜஸ்ரில் அந்தப் பட்டத்தை விலை பேசி வாங்கினான் என்று, உன் கையால். அந்த வரி வந்தால் நான் வருகிறேன். வராவிட்டால் வாசலில் பதில் சொல்ல வேறு ஆளைப் பார்த்துக்கொள்.

மஸ்ருல்

டிவி பழுது பார்ப்பவனின் அம்மாவுக்கு ஜஸ்ரிலின் மனைவி வழியில் உறவு உண்டா? விசாரித்துச் சொல்.


கோத்தோ லாவே
29 ஆகஸ்ட் 1994

அண்ணாவுக்கு,

உறவு எதுவும் இல்லை. விசாரித்தேன்.

வெற்றிலை பற்றி எழுதியது நான்தான். பிழைகளைத் திருத்தியது நெல்வி. பாதிக் கடிதத்தைத் திருத்திவிட்டு, "என்னம்மா இது, மாமாவுக்குக் கடுதாசி எழுதுறியா, ஜாமீன் மனு எழுதுறியா?" என்றாள். உங்களுக்கு எழுத உட்கார்ந்தால் இன்றும் ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை படித்துப் பார்க்கிறேன். கடிதத்தில்கூட நீங்கள் புருவத்தை உயர்த்துவது தெரிகிறது.

மேற்குப் பக்கக் கூரைத் தகரத்தை மாற்றிவிட்டோம். நெல்வியின் அப்பா தானே ஏறி வேலை செய்தார். இறங்கும்போது ஏணி சாய்ந்து வாழை மரத்தின்மேல் விழுந்தார். மரத்துக்குத்தான் சேதம். கல்யாணத்துக்கு எருமை சொல்லியாகிவிட்டது. அதன் கறியைத் தேங்காய்ப்பாலில் ரெண்டாங்காகக் கிளறப் பெண்கள் எட்டுப் பேர் வருகிறார்கள். பாய்கள் புதிதாக வாங்க வேண்டும். பழைய பாய்களில் எலி புகுந்துவிட்டது.

நீங்கள் கேட்ட விஷயத்தை நெல்வியிடம் சொல்லவில்லை. ஆனால் அவள் மூக்கு சும்மா இருக்குமா? "மாமா வரலைன்னா விடும்மா. அவர் எழுதுன கடுதாசிய அவர் எடத்துல தலகாணி மேல வச்சுருவோம். அதுக்கே எல்லாரும் பயந்துருவாங்க" என்கிறாள். கோபித்துக்கொள்ளாதீர்கள். அவள் உங்களைக் கடைசியாகப் பார்த்தபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது.

கைலி விஷயத்தை நேரில் பேசிக்கொள்ளலாமே.

அஸ்னிமார்


பெக்கான்பாரு
8 செப்டம்பர் 1994

அஸ்னிமார்,

கூரை, ஏணி, வாழை, எலி. நான் கேட்ட ஒன்றைத் தவிர எல்லாவற்றுக்கும் பதில் எழுதியிருக்கிறாய். "நேரில் பேசிக்கொள்ளலாம்." மறைக்க எதுவும் இல்லாதவர்கள் அப்படி எழுதுவதில்லை.

என்னிடம் முன்பு படித்தவன் ஒருவன் பாயகும்புவிலிருந்து வந்திருந்தான். பேச்சுவாக்கில் ஒரு செய்தி சொன்னான். போன மாதம் உன் வீட்டுப் படியில் ஜஸ்ரிலைப் பார்த்தானாம். மாலை வேளை, கையில் ஒரு கூடை. கூடையில் என்ன இருந்தது? எதற்காக வந்தான்? உன் கடிதத்தில் அதைக் காணோமே. வாழை மரத்துக்கு இடம் இருந்தது, கூடைக்கு இல்லை.

ஃபரிதாவும் உன் பக்கம் சேர்ந்துகொண்டாள். நேற்றுச் சாப்பாட்டு வேளையில் ஆரம்பித்தாள். "ஒரு வரி வேணும்னு ஒரு கல்யாணத்தையே விடுவீங்களா?"

"உனக்கு இதெல்லாம் புரியாது" என்றேன்.

"எனக்கு எதுவும் புரிய வேணாம். இது எங்கம்மா எனக்குக் குடுத்த வீடு. இங்க நீங்க வந்த மாப்பிள்ளை. வந்த நாள்லேருந்து நீங்க பொறுமுறதக் கேக்குறது நான் ஒருத்திதான். ஒரு நாளாவது உங்க தங்கச்சி வீட்ல போய்ப் பொறுமிட்டு வாங்களேன், எனக்கும் காது ஆறும்."

இந்தப் பேச்சும் அவளுடையது மாதிரி இல்லை. நீ அவளுக்குத் தனியாகக் கடிதம் எழுதுகிறாயா?

நம் ஆண்களின் நிலைமையைப் பார். மனைவி வீட்டில் விருந்தாளி. பிறந்த வீட்டில் சொல்லுக்கு மதிப்பு உண்டு என்பது ஒன்றுதான் ஆறுதல். அதையும் ஒருவன் சந்தையில் தட்டிக்கொண்டு போனால் மீதி என்ன இருக்கிறது? அந்த ஒரு வரியைக் கேட்பது பெரிய குற்றமா?

கடைசியாகக் கேட்கிறேன். ஆம் அல்லது இல்லை.

மஸ்ருல்


கோத்தோ லாவே
20 செப்டம்பர் 1994

அண்ணாவுக்கு,

கூடையில் இருந்தவை வாத்து முட்டைகள். நெல்விக்காகக் கொண்டுவந்தார். அன்று உங்கள் கடிதம் அடுப்படியில் கிடந்தது. படிக்கலாமா என்று கேட்டுவிட்டுத்தான் ஜஸ்ரில் எடுத்தார். படித்து முடித்தவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"எழுதிக் குடுத்துரு அஸ்" என்றார். "ஆமா, ஜஸ்ரில்தான் வாங்குனான்னு எழுது. எனக்கென்ன குறைஞ்சுரும்? மாட்டு யாவாரி பேரு எவ்வளவு கெட்டாலும் மாடு வித்துக்கிட்டுத்தான் இருக்கும். அந்தாளு ஒரு தடவ வந்து புள்ளைக்குப் பக்கத்துல உக்காந்துட்டுப் போகட்டும்."

"அது பொய்யாச்சே."

"பொய்தான். அதுக்கு என்ன? கல்யாணத்துக்குச் சொல்ற பொய்யி. நீ என்ன புதுசாவா சொல்லப் போற? அண்ணன் முன்னால இத்தன வருசமா நீ சொல்லாத பொய்யா?"

அந்த வார்த்தை என்னைத் தூங்கவிடவில்லை, அண்ணா. எழுதத்தான் உட்கார்ந்தேன். "ஜஸ்ரில்" என்று எழுதியும்விட்டேன். மீதி வரவில்லை. அதை எழுதினால் நீங்கள் வருவீர்கள். நெல்விக்குத் தாய்மாமன் கிடைப்பார். மாப்பிள்ளையின் அம்மா வாயை மூடுவார். இதெல்லாம் தெரிந்தும் எழுத முடியவில்லை. எனவே நடந்ததை எழுதுகிறேன். அதனால் நீங்கள் வராமல் போனாலும் போகலாம்.

முறைப்படி, குலத்தலைவர் பெயரை அறிவிக்கும் முன்னால், வீட்டின் மூத்த பெண்ணிடம் கேட்பார்கள். அம்மா இல்லை, அதனால் என்னிடம் கேட்டார்கள். முக்தார் அடுப்படி வாசலில் நின்று கேட்டார். "எல்லாரும் மஸ்ருல்தான்னு சொல்றோம். உனக்குச் சம்மதந்தானே?" என்றார். உங்கள் பெயரைத்தான் சொன்னார், அண்ணா. நான் வேண்டாம் என்றேன்.

உங்களுக்குத் தடை சொன்னது நான். ஜஸ்ரில் பெயரைச் சொன்னதும் நான்தான்.

ஏன் என்றும் சொல்லிவிடுகிறேன். அதற்கு முந்தைய நோன்பு மாதத்தில் நம் ஊர் ரோஸ்மனியின் மீன்குளத்து வழக்கு உங்களிடம் வந்தது, நினைவிருக்கிறதா? நீங்கள் வரைபடத்தை விரித்து, ஒவ்வொரு கல்லாகக் காட்டி, எல்லை நகர்ந்திருப்பதை நிரூபித்தீர்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். "உம்புருசன் ராத்திரில கல்லத் தூக்கிட்டுப் போனத மனுசங்க பாக்கலைன்னாலும் மீனுங்க பாத்துருக்குமே" என்றீர்கள். கூட்டம் சிரித்தது. அந்தப் புருஷன் இறந்து நாற்பதாம் நாள் ஓதல்கூட அப்போது முடியவில்லை. அதன் பிறகு ரோஸ்மனி சந்தைக்குப் போகும்போது ரோட்டில் நடக்காமல் தோட்டங்களுக்குப் பின்னால் சுற்றிப் போனார்.

நீங்கள் சொன்னது சரி. எப்போதும் நீங்கள் சொல்வது சரியாகத்தான் இருக்கும். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஊரில் உள்ள ஒவ்வொருவரும் தங்கள் அழுக்கைத் தூக்கிக்கொண்டு உங்கள் முன்னால் வந்து நிற்பதை நினைத்துப் பார்த்தேன். ஜஸ்ரிலுக்குச் சட்டம் தெரியாது. ஆனால் அழுகிறவர்கள் முன்னால் அவர் வாய் திறக்க மாட்டார். நான் அவ்வளவுதான் யோசித்தேன்.

சந்தையில் கைலிக்கடியில் பேசிய விலை ஓர் எருமைக்கு. யாருக்குப் பட்டம் கிடைத்தாலும் விருந்துக்கு எருமை வேண்டுமே. அது லாரியை விட்டு இறங்க மாட்டேன் என்று படுத்துவிட்டதாம். அதனால்தான் உங்கள் கண்ணில் படவில்லை. அது நொண்டி என்று ஜஸ்ரில் இன்னும் புலம்புகிறார்.

இதைத் தபாலில் போட நெல்வியிடம் கொடுக்கப் போவதில்லை. நானே நடந்து போய்ப் போடுவேன்.  

அஸ்னிமார்


பெக்கான்பாரு
1 அக்டோபர் 1994

அஸ்னிமார்,

நன்றாக எழுதியிருக்கிறாய். அடுப்படி வாசல், முட்டைக் கூடை, லாரியில் படுத்த எருமை. பொய்க்கு இவ்வளவு விவரம் வேண்டும் என்பதை யாரோ உனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

எனக்குப் புரிந்துவிட்டது. ஜஸ்ரில் தன்மேல் பழியைப் போடச் சொன்னானாம், நீ மறுத்துவிட்டாயாம். ஆக, அவன் பெருந்தன்மையானவன், நீ நேர்மையானவள். மீதி இருப்பவன் நான் ஒருவன். அவன் பட்டத்தைக் காப்பாற்றப் பழியை நீ ஏற்றுக்கொள்கிறாய். அவ்வளவுதான் விஷயம். என் முகத்துக்கு நேரே ஒரு கோப்பைக் காப்பியைக்கூட வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவள் நீ. அப்படிப்பட்டவள் முக்தாரின் முகத்தைப் பார்த்து எனக்குப் பட்டம் வேண்டாம் என்று சொன்னாய் என்பதை நம்புவதற்கு நான் முட்டாள் இல்லை.

ஒருவேளை அது உண்மையாக இருந்தால், இன்னும் மோசம். இத்தனை காலமும் நான் தவறான ஆளை வெறுத்திருக்கிறேன் என்று அர்த்தம். அதை யோசிக்கவும் நான் தயாராக இல்லை.

எல்லைக்கல் நகர்த்தப்பட்டது உண்மை. நான் எதையும் இட்டுக்கட்டவில்லை. சிரித்தது ஊர், நான் இல்லை.

நான் வரவில்லை. நெல்விக்கு என் ஆசிகளைச் சொல். ஃபரிதா ஒரு சேலைத்துணி அனுப்புகிறாள். அதில் எனக்குச் சம்பந்தம் இல்லை.

மஸ்ருல்

ரோஸ்மனி இப்போது எந்த வழியாகச் சந்தைக்குப் போகிறாள்?


கோத்தோ லாவே
9 அக்டோபர் 1994

அண்ணாவுக்கு,

ரோட்டு வழியாகத்தான் போகிறார். கூட்டம் சேரும் முன், விடிகாலையில். கல்யாணத்துக்கு மீன் அவர் குளத்திலிருந்து வருகிறது. அவரும் வருகிறார். இப்போதே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மறைத்தேன் என்பீர்கள்.

நீங்கள் நம்பவில்லை. பரவாயில்லை. நம்பவைக்க இனி முயலப்போவதில்லை. நான் முக்தாரிடம் வேண்டாம் என்று சொன்னபோதும் பயந்தேன். உங்களுக்கு எழுதியபோதும் பயந்தேன். அதைப் பெட்டிக்குள் போட்ட பிறகும் கையை எடுக்காமல் நின்றிருந்தேன்; பின்னால் வரிசையில் நின்ற பெண், "என்னக்கா, கை மாட்டிக்கிச்சா?" என்றாள். பயந்துகொண்டே செய்யலாம் என்பது இந்த வயதில்தான் எனக்குத் தெரிகிறது. நான் தைரியசாலி ஆகிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். இன்றைக்கும் தபால்காரர் மணி அடித்தால் பின்கட்டுக்குப் போய்விடுகிறேன்.

இன்னொரு முறை கூப்பிட மாட்டேன். கதவு திறந்திருக்கும் என்றெல்லாம் எழுதவும் மாட்டேன். கல்யாண வீட்டில் கதவு எப்படியும் திறந்துதான் இருக்கும். நீங்கள் வராவிட்டால் ஜஸ்ரில் வாசலில் பதில் சொல்வார். அவர் இப்போதே நடந்துகொண்டே ஒத்திகை பார்க்கிறார். நடுவில் மறந்துவிட்டு மாட்டைத் திட்டுகிறார்.

சேலைத்துணி வந்தது. நிறம் நெல்விக்குப் பிடித்திருக்கிறது. அது அண்ணி எடுத்த நிறம் மாதிரி இல்லை.

அஸ்னிமார்


23 அக்டோபர், காலை
(காப்பிக்கடைப் பில்லின் பின்பக்கத்தில்)

அஸ்னிமார்,

கடைக்காரியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். வேறு வேலையாகப் பாயகும்பு வரைக்கும் வர வேண்டியிருந்தது. ராத்திரி பஸ் இந்த வழியாகத்தான் போகிறது. உன் வீட்டுக்கு எதிரே உள்ள கடையில் உட்கார்ந்திருக்கிறேன். வந்துவிட்டதாக நினைக்காதே.

உன் வாசலில் கருப்புச் சட்டையில் ஒருவன் நிற்கிறானே, அவன் யார்? நான் வந்ததிலிருந்து இந்தப் பக்கமே பார்க்கிறான். நான் வருவேன் என்று யாரிடமாவது சொல்லிவைத்தாயா? ஜன்னல் வழியாகப் புதுப் பாய் ஒன்று தெரிகிறது. அதில் யாரும் உட்காரவில்லை. அது யாருக்கு? ஜஸ்ரில் உள்ளே இருக்கிறானா? என்னைப் பார்த்ததும் எழுந்து நிற்க அவனுக்கு யாராவது சொல்லிக்கொடுத்திருக்கிறார்களா? அப்படி நடிப்பதாக இருந்தால் நான் அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவேன்.

மஸ்ருல்


(அதே பில்லில், கீழே)

அண்ணா,

கை முழுக்கத் தேங்காய்ப்பால், எழுத்தைப் பார்க்காதீர்கள்.

கருப்புச் சட்டைக்காரர் மைக் செட் வாடகைக்கு விடுபவர். உங்களைப் பார்க்கவில்லை. உங்கள் தலைக்கு மேலே போகும் கரண்டுக் கம்பியைப் பார்க்கிறார். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. கடைக்காரி வந்து, "கண்ணாடி போட்ட ஒருத்தர் மூணு காப்பி குடிச்சுட்டு என் பில்லுலயே என்னமோ எழுதிக்கிட்டிருக்கார், உங்காளா?" என்று கேட்டபோதுதான் எனக்கே தெரியும்.

பாய் உங்களுக்கு. ஜஸ்ரில் உள்ளேதான் இருக்கிறார். எழுந்து நிற்பாரா மாட்டாரா, எனக்குத் தெரியாது. ரோஸ்மனி அடுப்படியில் மீன் அலசுகிறார். யாரும் நடிக்கப் போவதில்லை. நேரமில்லை.

மேளம் கேட்கிறதா? மாப்பிள்ளை வீட்டார் பள்ளிவாசல் திருப்பத்துக்கு வந்துவிட்டார்கள். ஜஸ்ரில் தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழுகிறார். அவர் வாய் திறந்துவிட்டால் அவரேதான் முடிக்க வேண்டும், நடுவில் ஆள் மாற முடியாது.

நான் வந்து கூப்பிட மாட்டேன். கூப்பிட்டால் கையைப் பிடித்து இழுத்து வந்தேன் என்று ஆயுசுக்கும் எழுதுவீர்கள். இந்த ரோட்டை நீங்களேதான் தாண்ட வேண்டும்.

அஸ்


(பில்லின் ஓரத்தில், குறுக்காக)

அஸ்,

மேளம் கேட்கிறது. பஸ்ஸில் என் சட்டை ரொம்பக் கசங்கிவிட்டது. பரவாயில்லையா?

பதில் எழுதிக்கொண்டிருக்காதே. இந்தச் சீட்டைக் கடைக்காரியிடம் கொடுக்கவில்லை, நானே கொண்டுவருகிறேன்.